சேரிங் கிராஸ் முதல் மார்க்கெட் வரை: ஊட்டிக் கடைவீதி யாருடைய காசில் வாழ்ந்தது?

வாசகர் ஒருவரின் கேள்வி, 2024 ஜூலை 14

ஊட்டியில் குதிரைப் பந்தயம் நடந்த ரேஸ் மைதானத்தை அரசு எடுத்துக்கொண்டுவிட்டது. ஊட்டியின் கேளிக்கை வரலாறு அத்துடன் முடிந்தது என்றே நான் கருதுகிறேன். தியேட்டர், கிளப், பந்தயம், பெரிய கடைகள் என எல்லாவற்றையும் வெள்ளைக்காரர்கள் தங்கள் சீசனுக்காக ஏற்படுத்தினார்கள். அவர்கள் போன பிறகு சுற்றுலாப் பயணிகள் அவற்றைக் காப்பாற்றினார்கள். மலையில் பிறந்தவர்கள் அங்கே வேலை பார்த்தார்களே தவிர, ஊட்டிக் கடைவீதியை உருவாக்கியதில் அவர்களுக்குப் பங்கில்லை. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

2024 ஜூலை 15, காலை

மறுப்பு உண்டு. கேள்வியில் இருக்கும் உண்மையை முதலில் ஏற்றுக்கொண்டு தொடங்குகிறேன். கோவை ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் மலையேறி வந்து, பின்னர் கல் பங்களாவைக் கட்டி, ஓடைகளை மறித்து ஏரியை உண்டாக்காமல் இருந்திருந்தால், 1870 முதல் சென்னை மாகாண அரசு கோடைதோறும் கோப்புகளோடும் குமாஸ்தாக்களோடும் இங்கே குடிபெயராமல் இருந்திருந்தால், ஊட்டி இந்த வடிவத்தில் இருந்திருக்காது. சேரிங் கிராஸ் சந்திப்பில் நிற்கும் ஆடம்ஸ் நீரூற்று, பதவியேற்ற சில மாதங்களிலேயே 1881இல் இங்கு இறந்துபோன ஆளுநர் வில்லியம் பேட்ரிக் ஆடமின் நினைவாக 1886இல் எழுப்பப்பட்டது. கார்டன் ரோட்டில் இருக்கும் அசெம்பிளி ரூம்ஸும் அதே 1886ஆம் ஆண்டைச் சேர்ந்ததுதான். நடனத்துக்கும் நாடகத்துக்கும் வெள்ளையர் கூடுவதற்கென்றே அது எழுந்தது. இவை எதையும் நான் மறுக்கவில்லை.

ஆனால் ஒரு தெருவைத் தோற்றுவித்தவர் வேறு, அதை வாழவைத்தவர் வேறு. ஊட்டியில் சீசன் என்பது ஏப்ரல், மே, ஜூன் பாதி. பிறகு செப்டம்பர், அக்டோபரில் இரண்டாம் சீசன் என்று கொஞ்சம். எஞ்சிய மாதங்களில் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்கு மழை, அதன் பின் புல்லெல்லாம் வெளுத்துக் கிடக்கும் உறைபனி. அப்போதும் கடைக்காரர் வாடகை கட்டினார்; வேலையாளுக்குக் கூலி கொடுத்தார்; விளக்கேற்றினார். மே மாதத்தில் அந்தக் கடை எவ்வளவு விற்றது என்பதை எல்லோரும் பேசுகிறோம். ஜூலை மாதத்தில் அது கதவைத் திறந்து வைத்திருந்ததா, திறந்திருந்தால் உள்ளே வந்தவர் யார் என்பதை ஒருவரும் கேட்பதில்லை.

என் பெரியப்பா லோயர் பஜார் பக்கம் துணியும் கம்பளியும் விற்ற சிறு கடை ஒன்றை வைத்திருந்தார். அவருடைய பற்று நோட்டுகளில் சில இன்னும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. சீசன் மாதங்களின் பக்கங்கள் ஏறக்குறைய வெறுமையாக இருக்கும், ஏனெனில் வெளியூர்க்காரர் கையில் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஜூன் கடைசியில் இருந்து எழுத்து நெருங்கத் தொடங்கும். ஹட்டிகள் எனப்படும் மலைக் கிராமங்களில் இருந்து வந்த படுகர் குடும்பங்கள், ஊட்டியின் காந்தல் பகுதிவாசிகள், எஸ்டேட் கங்காணிகள், பள்ளி ஆசிரியர்கள், பேருந்து நடத்துநர்கள் என்று அந்தப் பெயர்களைப் படித்துக்கொண்டே போனால், பருவமழையில் அந்தத் தெருவைத் தாங்கிப் பிடித்தவர்களின் வரிசை கண்முன் வருகிறது. பெயர்களை இங்கே எழுத மாட்டேன். அவர்களின் பிள்ளைகள் இதே ஊரில் இருக்கிறார்கள், கடன் விவரம் வெளியே போவது முறையாகாது.

2024 ஜூலை 15, இரவு

காலையில் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இந்த மலையில் கொடுக்கல் வாங்கல் சல்லிவனோடு தொடங்கவில்லை. அவர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே தோடர்கள் நெய் கொடுத்தார்கள். கோத்தர்கள் இரும்புக் கருவியும் மண்பாண்டமும் செய்து கொடுத்து, இழவுக்கு வந்து இசைத்தார்கள். படுகர்கள் தானியம் அளந்தார்கள். குறும்பர்கள் காட்டில் இருந்து தேன் கொண்டு வந்தார்கள். பணம் புழங்காத அந்தப் பரிமாற்றம் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில்தான் முறிந்தது. மலைவாசிகள் வாங்கவும் விற்கவும் ஆங்கிலேயரிடம் கற்றார்கள் என்பது போன்ற ஒரு தொனி கேள்வியில் இருந்ததால் இதைச் சொல்ல நேர்ந்தது. செவ்வாய்க்கிழமைச் சந்தை அந்தப் பழைய பரிமாற்றத்துக்கும் 1866இல் அமைந்த நகராட்சியின் மார்க்கெட்டுக்கும் நடுவில் நிற்கும் பாலம். செவ்வாய் என்றால் கமர்ஷியல் ரோட்டில்கூடக் கூட்டம் மாறிவிடும் என்பதை இங்கே வளர்ந்த எவரும் அறிவார்.

2024 ஜூலை 18

அசெம்பிளி ரூம்ஸ் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று நானே காத்திருந்தேன்.

அந்த இடத்தின் வரலாற்றில் திருப்புமுனை என்று நான் கருதுவது, அது கட்டப்பட்ட ஆண்டை அல்ல. 1919 முதல் 1924 வரை சென்னை ஆளுநராக இருந்த வெலிங்டன் பிரபுவின் மனைவி அதை விலைக்கு வாங்கி ஊர் மக்களின் பயனுக்கென்று விட்டுச்சென்றதே திருப்புமுனை. பின்னாளில் திரையரங்கான அது இன்றும் மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. தமிழகம் எங்கும் ஒற்றைத் திரை அரங்குகள் கல்யாண மண்டபமாகவும் வணிக வளாகமாகவும் மாறியபோது இது மாறாமல் நின்றதற்கு முதற்காரணம், விற்பதற்கு உரிமையுள்ள தனி முதலாளி இதற்கு இல்லை என்பதே. இரண்டாவது காரணம் மழைக்காலப் பார்வையாளர்.

நான் பள்ளியில் படித்த காலத்தில், ஆங்கிலப் படம் என்றால் அங்கேதான். சீசனில் எங்களுக்கு டிக்கெட் கிடைப்பது அரிது; கீழே சமவெளியில் இருந்து வந்தவர்கள் வரிசையை நிரப்பியிருப்பார்கள். ஜூலை பிறந்துவிட்டால் அரங்கம் எங்களுடையது. ஸ்வெட்டருக்கு மேல் மழைக்கோட்டு, தலையில் குல்லா, குடையில் இருந்து சொட்டும் நீர் காலடியில் ஓட, கான்வென்ட் ஆசிரியைகளும் வங்கி ஊழியர்களும் எஸ்டேட் துரைமார் என்று நாங்கள் அழைத்த தமிழ் அதிகாரிகளும் எங்களைப் போன்ற பையன்களும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருப்போம். வசனம் பாதி புரியாது. இடைவேளையில் யாராவது ஓர் ஆசிரியை முன் வரிசையில் இருக்கும் மாணவர்களைத் திரும்பிப் பார்த்து, கதை எதுவரை வந்திருக்கிறது என்று கேட்பார். நாங்கள் எழுந்து நின்று பதில் சொல்வோம். அந்த ஊரில் ஆங்கிலம் கற்றவர்களில் பலருக்கு அதுவே கூடுதல் வகுப்பு.

ஆளுநர்களின் விருந்தாளிகள் நடனமாடிய தளத்தில் காந்தல் பையன்கள் உட்கார்ந்து படம் பார்த்தார்கள் என்பதை, வென்றவர் தோற்றவர் கணக்கில் நான் சொல்லவில்லை. வெள்ளையர் விட்டுச்சென்ற பிறகு அந்த அரங்கம் எத்தனை பத்தாண்டுகள் ஓடியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அவர்கள் ஆடிய காலத்தைவிட நாம் பார்த்த காலம் நீண்டது.

2024 ஜூலை 19

“தமிழ்ப் படம் பார்த்த கூட்டத்தை விட்டுவிட்டீர்களே” என்று ஓர் அன்பர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அந்தக் கூட்டத்தைப் புரிந்துகொள்ள, சம்பள நாள்களைப் பார்க்க வேண்டும்.

மாதத்தின் முதல் வாரத்தில் ஊட்டி பஜார் எங்கிருந்து நிரம்பியது? இந்து நகரில் இருந்த எச்.பி.எஃப். என்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1904 வாக்கில் உற்பத்தி தொடங்கிய அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலை, கேத்திப் பக்கத்து ஊசித் தொழிற்சாலை ஆகியவற்றின் சம்பள உறைகளில் இருந்து. அத்துடன் 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையில் இருந்து திரும்பிய மலையகத் தமிழர்களுக்காக அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டம், அதுவே பின்னர் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. தோட்டத்தில் கூலி கிடைத்த ஞாயிற்றுக்கிழமை, அந்தக் குடும்பங்கள் பிள்ளைகளுக்குப் புதுச் சட்டை போட்டு, பேருந்து பிடித்து வந்து, மார்க்கெட்டில் சாமான் வாங்கிவிட்டு, மாலைக் காட்சி பார்த்துத் திரும்புவார்கள். கடைசிப் பேருந்தைத் தவறவிடக் கூடாது என்பதற்காகப் படத்தின் முடிவைப் பார்க்காமலே எழுந்து ஓடியவர்கள் ஏராளம். முடிவு என்ன என்று மறுநாள் கொழுந்து கிள்ளும் இடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வார்களாம். சொல்பவர் தமக்குப் பிடித்த மாதிரி முடித்து வைப்பாராம். என் பள்ளித் தோழன் ஒருவனின் அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

2024 ஜூலை 20

எச்.பி.எஃப். பற்றி நேற்று ஒரு வரியில் கடந்துவிட்டேன். இரவு முழுவதும் அது மனத்தை உறுத்தியது, ஏனென்றால் அது என் தந்தையின் தொழிற்சாலை.

1960இல் நிறுவப்பட்டு, பிரான்ஸின் பாஷே நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய பொதுத்துறை நிறுவனம் அது. தூசி குறைந்த காற்று, குளிர்ச்சி, தெளிந்த நீர் ஆகியவை படச்சுருள் செய்வதற்கு இன்றியமையாதவை என்பதால் இந்த மலை தேர்ந்தெடுக்கப்பட்டது. ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் படச்சுருள், திரையரங்குப் பிரதிகளுக்கான சுருள், எக்ஸ்ரே சுருள் எல்லாம் இங்கிருந்து நாடு முழுவதும் போயின. ஒளிபடாமல் பூச வேண்டிய வேலை என்பதால் என் தந்தை ஆண்டுக்கணக்கில் இருட்டில் வேலை செய்தார். விடுமுறை நாளில் அவர் எங்களைப் படத்துக்கு அழைத்துப் போகும்போது, “வாரமெல்லாம் இருட்டில் நின்றவருக்கு லீவு நாளிலும் இருட்டுதான் வேண்டியிருக்கிறது” என்று அம்மா கேலி செய்வார்.

கேளிக்கை வரலாறு எழுதுபவர்கள் அரங்குகளை எண்ணுகிறார்கள். படச்சுருளைப் பூசிய கைகளை எண்ணுவதில்லை. திரையில் பார்த்த படம் ஓடிய சுருளே இந்த ஊரில் தயாரானதாக இருக்கலாம் என்ற பெருமிதம், இந்து நகர்க் குடியிருப்பில் வளர்ந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் இருந்தது. அந்தக் குடும்பங்களின் சம்பளம் கமர்ஷியல் ரோட்டுத் துணிக்கடையிலும் செருப்புக்கடையிலும் நகைக்கடையிலும் இறங்கியது. 1996இல் நலிவுற்ற நிறுவனம் என்று அது அறிவிக்கப்பட்டதும், பின்னர் ஊழியர்கள் விருப்ப ஓய்வில் வெளியேறியதும், எண்ணிமப் படக்கருவிகள் வந்ததால் மட்டும் நேர்ந்தவை அல்ல. பாலியெஸ்டர் அடித்தளத்தில் எக்ஸ்ரே சுருள் செய்வதற்காகப் பெரும் கடன் வாங்கித் தொடங்கிய புதிய ஆலை, சந்தை மாறிக்கொண்டிருந்த வேளையில் வந்து சேர்ந்தது. வட்டி ஏறியது. ஊட்டி பஜாரின் ஜூலை மாதம் அந்த ஆண்டுகளில்தான் மெலிந்தது.

அதே பத்தாண்டின் முடிவில் பச்சைத் தேயிலை விலையும் விழுந்தது. சோவியத் ஒன்றியம் சிதைந்து அந்த ஏற்றுமதிச் சந்தை சுருங்கிய பிறகு, ஒரு கிலோ பச்சைத் தேயிலை ஒற்றை இலக்க விலைக்கு இறங்கிய நாள்களை ஹட்டிகளில் யாரும் மறக்கவில்லை. சுற்றுலாக் கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு பெருகிய அதே காலத்தில், பெரியப்பாவின் கடை நொடித்தது. மே மாதக் கூட்டம் காப்பாற்றும் என்றால் அந்தக் கடை ஏன் மூடப்பட்டது? கேள்வி கேட்ட நண்பர் இதற்கு விடை சொல்ல வேண்டும்.

2024 ஜூலை 24

சிறு குறிப்பு. படச்சுருளுக்கு முன்பே படத்தொழில் இங்கே இருந்தது என்பதை ஒருவர் நினைவூட்டியிருக்கிறார். ஆம். 1870களில் இருந்து 1911 வரை இங்கே ஸ்டூடியோ நடத்திய ஆல்பர்ட் பென் எடுத்த ஒளிப்படங்கள்தான், அக்கால ஊட்டியைப் பற்றி நாம் இன்று கண்ணால் காணக்கூடிய பெரும் தொகுப்பு. ஏரி இப்போதைய அளவில் இல்லாமல், பேருந்து நிலையமும் ரேஸ் மைதானமும் இருக்கும் பள்ளம் வரை நீண்டிருந்தது என்று சொன்னால் இளைஞர்கள் நம்புவதில்லை. பழைய காலத்து ஏரிப் படம் ஒன்றைக் காட்டினால் பேச்சு அடங்கிவிடும்.

2024 ஜூலை 26

ஊட்டியின் பெயர் சொல்லும் தின்பண்டம் வர்க்கி என்ற மொறுமொறு ரொட்டியா, சாக்லேட்டா என்று இங்கே சிலர் சண்டை பிடிக்கிறார்கள். விவாதம் திசை மாறுகிறதே என்று முதலில் நினைத்தேன். யோசித்தபோது, கேட்ட கேள்விக்கே இது நல்ல சான்றாக அமைகிறது.

சாக்லேட் கடைகளில் கமர்ஷியல் ரோட்டு கிங் ஸ்டார் 1942இல் தொடங்கியது. அதன் பிறகு வந்தவை எண்ணில் அடங்கா. இன்று சேரிங் கிராஸில் இருந்து நடந்தால் பத்தடிக்கு ஒன்று இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை வெளியூர்க்காரரை நம்பி நிற்பவை. வர்க்கி அப்படியல்ல. மைதா, ரவை, சர்க்கரை, வாழைப்பழம் சேர்த்துப் புளிக்க வைத்த ‘மாவா’வைக் கொண்டு பிசைந்து, மடிப்பு மடிப்பாகத் தட்டி, விறகு அடுப்பில் சுடும் அந்தத் தொழில், அதிகாலையில் தேநீர்க்கடைக்கு வரும் மார்க்கெட் சுமைதூக்கிகளையும் காய்கறி லாரி ஓட்டுநர்களையும் தோட்டத் தொழிலாளர்களையும் கொண்டு வளர்ந்தது. சூடான தேநீரில் தோய்த்தால் கரையும், கையில் பிடித்தால் நொறுங்கும். குளிரில் வேலைக்குப் போகும் முன் வயிற்றுக்குக் கொஞ்சம் நெய்ப்பசை வேண்டும்; அதற்காக ஏற்பட்ட பண்டம் அது. 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது சுற்றுலாப் பண்டம் என்று செய்தியில் சொன்னார்கள். அது முதலில் உழைப்பாளியின் காலை ஆகாரம்.

மற்றொரு சான்று. இன்று பல நகரங்களில் பெயர் விளங்கும் நீல்கிரிஸ் பல்பொருள் அங்காடி, கோவைக்கும் இந்த மலைக்கும் இடையே ஆங்கிலேயரின் தபாலைச் சுமந்து நடந்த ஒரு தமிழர் 1905இல் தொடங்கிய வெண்ணெய் வியாபாரத்தில் இருந்து வந்தது. பெங்களூரின் பிரிகேட் ரோட்டுக்கு அது 1936இல் போனது. வேலை பார்த்தார்களே தவிர உருவாக்கவில்லை என்ற கூற்றோடு இதை எப்படிப் பொருத்துவது?

2024 ஆகஸ்ட் 3

ரேஸ் மைதானத்துக்குத் திரும்புகிறேன், ஏனெனில் கேள்வி அங்கிருந்துதான் பிறந்தது. இதில் என் மனம் இரண்டு பக்கமும் இழுபடுகிறது.

நகரின் நடுவில் ஐம்பது ஏக்கருக்கு மேற்பட்ட சமநிலம். மெட்ராஸ் ரேஸ் கிளப்பின் குத்தகை 1978இல் முடிந்தது. வாடகை நிலுவை 822 கோடி ரூபாய் என்று கூறி, கடந்த மாதம் வருவாய்த் துறை நிலத்தைத் தன்வசம் கொண்டுவந்தது. பூங்கா அமைப்பார்கள் என்கிறார்கள். இந்த நகரில் பிள்ளைகள் ஓடியாடச் சமநிலம் எவ்வளவு அரிது என்பதை அறிந்தவன் என்ற முறையில், நிலம் பொதுமக்களுக்குத் திரும்புவதை மனமார வரவேற்கிறேன்.

அதே சமயம், பந்தயம் பணக்காரர்களின் விளையாட்டு மட்டுமே என்று எழுதுவது சரியாகாது. ஏப்ரல் முதல் ஜூன் வரை குதிரைகள் கீழேயிருந்து லாரிகளில் வரும்போது, லாயத்தில் வேலை பார்ப்பவர்களும் புல், கொள்ளு விற்பவர்களும் லாடம் அடிப்பவர்களும் டீக்கடைக்காரர்களும் அந்த மாதங்களில் ஆண்டுக்கான பணத்தில் ஒரு பகுதியைப் பார்த்தார்கள். வேலியோரம் நின்று காசு கொடுக்காமல் பந்தயம் பார்த்த கூட்டத்தில் நானும் இருந்திருக்கிறேன். மண் அதிர்ந்து குதிரைகள் திரும்பும் அந்த வளைவில், பணம் கட்டியவரும் கட்டாதவரும் ஒரே குரலில் கத்துவார்கள்.

பணம் கட்டியவர்களின் வீட்டில் என்ன நடந்தது என்பதும் எனக்குத் தெரியும். சம்பள உறை வேலிக்கு அப்பால் போய்த் திரும்பாத வீடுகள் எங்கள் தெருவில் இருந்தன. 1974இல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியதற்கு அந்தக் கண்ணீரே காரணம். 1996இல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு, சூதாட்டம் அல்ல என்று தீர்ப்பளித்தது. சட்டப்படி அந்த வேறுபாடு முக்கியமானதாக இருக்கலாம். அரிசி வாங்கப் பற்று நோட்டை நம்பிய பெண்களுக்கு அதனால் ஆறுதல் ஏதும் கிடைக்கவில்லை. பெரியப்பாவின் நோட்டில் மே, ஜூன் பக்கங்களில் அரிதாக வரும் பெயர்களில் சில, நான் அறிந்தவரை, அத்தகைய வீடுகளுடையவை.

ஆகவே பந்தயம் போனதற்காக நான் வருந்தவில்லை. அதோடு ஊரின் கேளிக்கை வரலாறு முடிந்தது என்பதை மட்டும் ஏற்கவில்லை. இரண்டரை மாதம் நடந்த ஒன்றைக் கொண்டு பன்னிரண்டு மாத ஊரை அளக்க முடியாது.

2024 ஆகஸ்ட் 4

கமிஷனர் ரோட்டில் இருக்கும் ஷின்கோஸ் சீன உணவகத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்கலாமா என்று ஒருவர் கோபித்துக்கொண்டிருக்கிறார். கூடாதுதான். 1954இல் இருந்து, ஒரு சீனக் குடும்பம் இந்த மலையில் வேர்விட்டு நடத்தும் இடம் அது. பள்ளி இறுதித் தேர்வு முடிந்தால், முதல் சம்பளம் வாங்கினால், பெண் பார்த்துவிட்டுத் திரும்பினால் அங்கே போய்ச் சாப்பிடுவது என்பது ஊட்டியின் நடுத்தரக் குடும்பங்களில் பழகிப்போன வழக்கம். அந்தத் தெருவின் பெயர் 1868 முதல் 1882 வரை நீலகிரியை ஆட்சியருக்குப் பதிலாகக் கமிஷனர் நிர்வகித்த காலத்தின் மிச்சம். முதல் கமிஷனரான பிரீக்ஸின் பெயரில்தான் சேரிங் கிராஸுக்கு அருகில் உள்ள பள்ளி 1874இல் தொடங்கியது. கமிஷனர்கள் பதினான்கு ஆண்டுகள்தான் இருந்தார்கள். அந்த உணவகம் எழுபது ஆண்டாக இருக்கிறது.

ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக்கடையில் வாங்காமல் நின்றுகொண்டே படித்ததை இன்னொருவர் எழுதியிருக்கிறார். ஊட்டியில் படித்த தலைமுறை முழுவதும் அதைச் செய்திருக்கிறது. மழைக்கு ஒதுங்கியவர்களை அங்கிருந்தவர் விரட்டியதாக நான் பார்த்ததே இல்லை; ஈரக் குடையைப் புத்தக அடுக்கின் அருகே கொண்டுபோனால் மட்டும் கண்டிப்பார்.

2024 ஆகஸ்ட் 21

இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், மார்க்கெட்டைப் பற்றி நிதானமாக எழுத வேண்டும் என்று நினைத்ததே.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் கொண்ட நகராட்சி மார்க்கெட்தான் இந்தக் கதையின் மையம். காய்கறி, மளிகை, இறைச்சி, பாத்திரம், கம்பளி, விதை, உரம், நாட்டு மருந்து, பூ என்று மலைவாசிக்கு வேண்டிய எல்லாம் அங்கே கிடைத்தன. சுற்றுலாப் பயணிகளில் பெரும்பாலோர் அதன் வாயிலைக்கூடக் கடந்திருக்க மாட்டார்கள். 2021இல் வாடகை நிலுவைக்காக நகராட்சி நூற்றுக்கணக்கான கடைகளுக்குச் சீல் வைத்தது. அதன் பிறகு பழைய கட்டடங்களில் ஒரு பகுதியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டம் வந்தது. வியாபாரிகள் தற்காலிகக் கடைகளுக்கு மாறியிருக்கிறார்கள்.

நகராட்சியின் தரப்பு எனக்குப் புரிகிறது. சாக்கடையும் கழிப்பறையும் தீத்தடுப்பும் இல்லாத கட்டடத்தில், பழைய வாடகையில் என்றென்றும் தொடர முடியாது. நிலுவை வைத்தவர்களில் வசதி படைத்தவர்களும் இருந்தார்கள். கடையை இன்னொருவருக்கு உள்வாடகைக்கு விட்டு வீட்டில் உட்கார்ந்து வாங்கியவர்களும் இருந்தார்கள். அவர்களுக்காக நான் பேசவில்லை. என் கவலை எல்லாம், புதுக் கட்டடம் எழுந்த பின் வாடகை எந்தக் கணக்கில் நிர்ணயிக்கப்படும் என்பதைப் பற்றியது. மே மாத விற்பனையை மனத்தில் வைத்து வாடகை வைத்தால், ஜூலையில் காரட்டும் கீரையும் விற்பவரால் அதைக் கட்ட முடியாது. அந்த இடத்துக்குச் சாக்லேட்டும் தைலமும் விற்பவர் வருவார். கமர்ஷியல் ரோட்டுக்கு நேர்ந்தது மார்க்கெட்டுக்கும் நேரும். அதற்குப் பிறகு ஹட்டியில் இருந்து செவ்வாய்க்கிழமை வரும் பெண்ணுக்கு இறங்குவதற்கு ஊட்டியில் காரணமே இருக்காது.

2024 ஆகஸ்ட் 22

“அப்படியானால் சுற்றுலாவே வேண்டாம் என்கிறீர்களா” என்று முதல் கேள்வி கேட்ட நண்பரே கேட்டிருக்கிறார். இல்லை. 1908இல் ரயில் ஊட்டி வரை வந்த நாளில் இருந்து, கீழேயிருந்து வருபவர்களின் பணம் இந்த ஊரின் வருமானத்தில் ஒரு பகுதி. என் தங்கை வீட்டில் இரண்டு அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். பிள்ளைகளின் படிப்பு அதில்தான் நடந்தது. இந்த ஆண்டு மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவால் மலைக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் என்ற இணையவழி அனுமதி வந்தபோது அவர்களுக்குக் கலக்கம் இருந்தது, சாலையில் நகர முடிந்ததால் நிம்மதியும் இருந்தது. இரண்டையும் அவர்கள் ஒரே மூச்சில் சொன்னார்கள்.

நான் மறுப்பது, சுற்றுலாப் பணம் வந்ததால்தான் பழைய கடைகள் பிழைத்தன என்ற கூற்றை. பிழைத்திருக்கும் பழைய இடங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். அறக்கட்டளையின் அரங்கம், காலை வர்க்கி விற்கும் பேக்கரிகள், சீன உணவகம், காபி ஹவுஸ். பயணிகளும் வருகிறார்கள், ஆனால் உள்ளூர்க்காரர் வருவதை ஒருபோதும் நிறுத்தாத இடங்கள் இவை.

2024 செப்டம்பர் 8

அசெம்பிளி ரூம்ஸில் மழைக்காலத்தில் வார நாள் காட்சிகளுக்குக் கூட்டம் இல்லை என்று அங்கே அண்மையில் படம் பார்த்த ஒருவர் எழுதியிருக்கிறார். கைப்பேசியில் படம் பார்க்கும் காலத்தில் இது எதிர்பார்த்ததே. அறக்கட்டளை என்பதால் அங்கே லாபத்தைத் தாண்டி யோசிக்க இடமிருக்கிறது. ஜூன் கடைசியில் இருந்து ஆகஸ்ட் வரை, வாரத்தில் ஒரு மாலையைப் படுகு மொழி நாடகத்துக்கும் பள்ளி நாடகத்துக்கும் ஒதுக்கலாம். அந்த மேடையின் தொடக்க காலத் தொழிலே நாடகம்தானே. கடைசிப் பேருந்துக்கு முன் முடியும்படி நேரம் வைத்தால், கோத்தகிரிப் பாதையிலும் குந்தாப் பாதையிலும் இருப்பவர்களும் வருவார்கள். ஆட்சியருக்கு மனு எழுதத் தொடங்கியிருக்கிறேன். இந்து நகர்க்காரர்கள் சிலரும் காந்தல்காரர்கள் சிலரும் கையெழுத்திடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முதல் கேள்வி கேட்ட நண்பரும் கையெழுத்திட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ரேஸ் மைதானத்துப் பூங்காவில் மழைக்கு ஒதுங்கிக் கூடுவதற்கு ஒரு பெரிய கொட்டகை வேண்டும் என்பதையும் அதே மனுவில் சேர்க்கலாமா, தனியே கொடுக்கலாமா என்று சொல்லுங்கள். தனியே கொடுப்பது நல்லது என்பது என் எண்ணம். ஒன்று மறுக்கப்பட்டால் மற்றது நிற்கும்.